முன்கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் குளிர்நாட்டில் இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவை சில. செம்மண் சாலையில் ஓடும் கார்களைப் பற்றியவை சில. எல்லாமே முன்கண்ணாடியைக் கழுவும் வாஷர் தண்ணீரைப் பற்றியவை என்பதால் ஒன்றாகவே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் வேலை செய்கிறான். பழைய காடி ஒன்று வாங்கியிருக்கிறான். பனி கொட்டிய மறுநாள் காலையில் வாஷரை அழுத்தினால் தண்ணீர் வரவில்லை, மோட்டார் சத்தமும் கேட்கவில்லையாம். நம்மூர்ப் பழக்கத்தில் வெறும் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றி வைத்திருந்தானாம். மோட்டார் போய்விட்டதா? அவனை என்ன செய்யச் சொல்லட்டும்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் வாஷர் சுவிட்சைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. தண்ணீர் வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்துவதால்தான் பாதிப் பம்புகள் போகின்றன.

வாஷர் பம்ப் என்பது வாஷர் தண்ணீர் நிற்கும் டாங்கியின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும் சின்ன 12 வோல்ட் மோட்டார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் விசிறி சுழலும். தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி அந்த விசிறியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுழல முடியாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அப்போது பியூஸ் போனால் நல்லது, மோட்டார் தப்பிக்கும். பியூஸ் தாங்கிவிட்டால் மோட்டாரின் சுருள் கருகும். உங்கள் மகன் காரில் சத்தமே இல்லை என்பதால் பியூஸ் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பனி உருகும்வரை புதுப் பியூஸ் போட வேண்டாம். போட்டால் அதுவும் போகும்.

உருக்குவதற்குச் சிறந்த வழி காரைச் சூடான இடத்தில் நிறுத்துவது. கடைத்தொகுதியின் நிலத்தடி வாகன நிறுத்துமிடம் போதும், சில மணி நேரம் நிற்கட்டும். இன்ஜினை ஓடவிட்டால் உருகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. போனட்டுக்கு அடியில் போகும் டியூபும், தண்ணீர் பீய்ச்சும் முனையான நோசிலும் இன்ஜின் சூட்டில் இளகும். டாங்கியோ பல கார்களில் முன் பம்பரின் மூலையில், டயருக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் இருக்கும். இன்ஜின் சூடு அங்கே எட்டாது. அடைத்த கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும்.

டாங்கியில் மேலே இடம் இருந்தால், கை பொறுக்கும் சூட்டில் குளிர்கால வாஷர் கலவையை அரை லிட்டர் ஊற்றி 15 நிமிடம் விடலாம். வெறும் வெந்நீரை ஊற்றினால் அன்றிரவே அதுவும் உறைந்துவிடும். நோசில் மீது வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போட்டுவைத்தால் அது ஐந்து நிமிடத்தில் திறந்துகொள்ளும்.

உருகியதும் பியூஸை மாற்றிவிட்டு ஒருமுறை, இரண்டு விநாடி மட்டும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டுத் தண்ணீரும் வந்தால் பிழைத்தது. சத்தம் உண்டு, தண்ணீர் இல்லை என்றால் போனட்டைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். அந்த அழுத்தத்தில் டியூப் அதன் மூட்டிலிருந்து கழன்றிருக்கலாம், ‘டி’ வடிவ இணைப்பு பிளந்திருக்கலாம். அழுத்தும்போது எங்கே நனைகிறதோ அங்கேதான் கழன்றிருக்கிறது. முன் டயருக்கு அருகே தரையில் சொட்டினால் டாங்கியோ ரப்பர் வளையமோ வெடித்திருக்கிறது என்று பொருள். பியூஸ் நன்றாக இருந்தும் சத்தமே இல்லையென்றால்தான் பம்பை மாற்ற வேண்டும். மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வளையத்தில் புதுப் பம்பைச் செருகினால் பெரும்பாலும் கசியும்.

கடைசி வேலைதான் முக்கியமான வேலை. உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். நோசில் பக்கத்து டியூபைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, பம்பைக் கொண்டே இறைக்கலாம். பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். டாங்கி வற்றியதும் பம்பை வெறுமனே ஓடவிடக் கூடாது. பிறகு குளிர்கால வாஷர் திரவத்தை ஊற்றி, நிறமும் வாசனையும் ஒவ்வொரு நோசிலிலும் வரும்வரை அழுத்த வேண்டும், பின்கண்ணாடியிலும்தான். பின்பக்கத்துக்குப் போகும் டியூப் 4 மீட்டர் நீளம், உள்துளை 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் மட்டும் 50 மில்லி பழைய தண்ணீர் நிற்கும். டாங்கியில் நல்ல திரவம் இருந்தும் மறுநாளே உறைந்துபோவது இதனால்தான்.

சரியாகும்வரை அவர் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். முன்னால் போகும் வண்டி வாரியடிக்கும் உப்புச் சேறு கண்ணாடியில் காய்ந்து வெள்ளைப் படலமாகிவிடும். தாழ்வாக நிற்கும் குளிர்கால வெயில் அதில் பட்டால் எதிரே எதுவும் தெரியாது. பிரிட்டனில் வாஷர் வேலை செய்யாத காரைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். எம்.ஓ.டி. எனும் ஆண்டுப் பரிசோதனையிலும் அந்தக் கார் தேறாது.

கேள்வி: கொதிக்கும் தண்ணீரை முன்கண்ணாடியில் ஊற்றினால் பனி உடனே விட்டுவிடாதா? டாங்கியில் கொஞ்சம் உப்பு போட்டால் உறையாது என்கிறார்களே?
— வாசகர், தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்

பதில்: இரண்டும் வேண்டாம். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. குளிர்ந்து கிடக்கும் வெளித்தகட்டில் கொதிநீர் பட்டால் அது மட்டும் சட்டென்று விரியும். ஏற்கெனவே கல் பட்ட சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடும். ஊற்றிய தண்ணீரும் வழிந்து வைப்பர் அடியில் உறைந்துவிடும்.

உப்பு உறைநிலையை இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் பம்பின் உள்ளுறுப்பை அரிக்கும், நோசிலில் பூத்து அடைக்கும், காய்ந்தால் கண்ணாடியை மறைக்கும். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்டும் உதவாது. கண்ணாடியில் எண்ணெய்ப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், வைப்பர் இழுக்க இழுக்க மங்கும். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. தரையில் சொட்டினால் நாய், பூனை நக்கும். வினிகர் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. வீட்டு வினிகரில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான், கடுங்குளிரில் அது நிற்காது.

கேள்வி: என் மகள் கனடாவில், கல்கரியில் இருக்கிறாள். கடையில் ‘மைனஸ்’ போட்ட நீலத் திரவத்தை வாங்கித்தான் ஊற்றினாளாம். அப்படியும் உறைந்துவிட்டது. போலிச் சரக்கா?
— வாசகர், சுங்கை சிப்புட் புதிய தாமான்

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. நல்ல திரவமே நான்கு காரணங்களால் உறையலாம்.

முதல் காரணம் கலப்பு. டாங்கியில் பாதி அளவு தண்ணீர் இருக்க, அதன்மேல் திரவத்தை ஊற்றியிருப்பார். உறையாமல் இருக்கக் கலக்கும் ஆல்கஹால்களில் ஒன்றான எத்தனாலை வைத்துக் கணக்குச் சொல்கிறோம். கொள்ளளவில் 40 விழுக்காடு எத்தனால் கலந்த தண்ணீர் சுமார் மைனஸ் 23 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். 30 விழுக்காடு என்றால் மைனஸ் 15. 20 விழுக்காடு என்றால் மைனஸ் 9தான். ஆக, மைனஸ் 23 தாங்கும் திரவம் 2 லிட்டரை, தண்ணீர் 2 லிட்டர் இருந்த டாங்கியில் ஊற்றினால் கிடைப்பது மைனஸ் 9 காப்பு. கல்கரியில் குளிர்காலத்தில் மைனஸ் 30 வரைகூட இறங்கும்.

இரண்டாவது, எண்ணைப் படிப்பதில் வரும் குழப்பம். கனடாவில் செல்சியஸ், எல்லை தாண்டி அமெரிக்காவில் பாரன்ஹீட். அமெரிக்கப் புட்டியில் ‘மைனஸ் 20’ என்றால் அது பாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 29. அதே அமெரிக்கக் கடையில் பூச்சிக் கறை நீக்கும் கோடைத் திரவத்தின்மேல் ‘32’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 32 பாரன்ஹீட், அதாவது 0 டிகிரி செல்சியஸ். முன்னால் மைனஸ் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கல்கரிக்கு மைனஸ் 40 செல்சியஸ் என்று போட்டதை, தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதுதான் சரி.

மூன்றாவது, நோசில் முனை. திரவத்தில் இருக்கும் ஆல்கஹால் தண்ணீருக்கு முந்தி ஆவியாகும். நோசில் துளையில் தங்கிய ஒரு சொட்டிலிருந்து ஆல்கஹால் பறந்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீர், அது உறைந்து துளையை மூடும். டாங்கி முழுக்கத் திரவமாகவே இருக்கும், ஆனால் வெளியே வராது. கொஞ்சம் கலவையை ஒரு சின்ன ஸ்பிரே புட்டியில் வீட்டுக்குள் வைத்திருந்து, கிளம்பும்முன் நோசிலில் இரண்டு முறை அடித்தால் திறந்துவிடும்.

நான்காவது, கண்ணாடியிலேயே உறைவது. வேகமாக ஓடும்போது சில்லென்ற கண்ணாடியில் திரவத்தை அடித்தால், காற்றில் ஆல்கஹால் பறந்து ஒரு நொடியில் முன்னால் வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆகிவிடும். இது மிகவும் ஆபத்தானது. முதலில் ஹீட்டர் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, கண்ணாடி உள்ளிருந்து தொட்டால் வெதுவெதுப்பாகும்வரை விட வேண்டும். அதன்பிறகே வாஷர்.

இன்னொன்று, உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே விற்கும் நீலத் திரவத்தில் பெரும்பாலும் மெத்தனால் இருக்கும். பார்ப்பதற்குக் குளிர்பானம்போல் இருக்கும், கொஞ்சம் குடித்தாலும் கண் போகும், உயிரும் போகலாம். மினரல் வாட்டர் புட்டியில் மாற்றி வைக்கக் கூடாது. குழந்தை வாயில் வைத்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனெனில் பாதிப்பு மணிக்கணக்கில் தாமதித்துத்தான் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெத்தனால் 0.6 விழுக்காட்டை எட்டக் கூடாது என்று தடுத்திருக்கிறது.

கேள்வி: வாஷர் திரவத்தை வீட்டிலேயே கலக்க முடியுமா? அளவு சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவர், விடுமுறை முடிந்து அயர்லாந்து திரும்பவிருப்பவர்

பதில்: கடையில் கிடைக்கும்போது அதை வாங்குவதே நல்லது. அவசரத்துக்குக் கலப்பதென்றால், 4 லிட்டருக்கு 95 விழுக்காடு எத்தனால் உள்ள மெத்திலேட்டட் ஸ்பிரிட் 1.7 லிட்டர், காய்ச்சி வடித்த தண்ணீர் 2.3 லிட்டர். இது சுமார் மைனஸ் 23 டிகிரி தாங்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் நுரைதான் வரும், அழுக்கு போகாது. ஸ்பிரிட் தீப்பிடிக்கும். சமையலறையில் கலக்காதீர்கள், வெளியே காற்றாட வைத்துக் கலந்து, புட்டியில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைத் திரவமோ வீட்டுக் கலவையோ, தாங்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டு பிரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கலவையை ஊற்றி, உணவோடு சேராமல் பையில் கட்டி ஓரிரவு வையுங்கள். காலையில் தண்ணீராக ஆடினால் அந்தக் குளிர்வரை சரி. ஐஸ் கச்சாங் மாதிரி நொறுநொறுவென்று இருந்தால் கலவை நீர்த்துவிட்டது. டாங்கியிலிருந்து நேராக எடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. கடைப் புட்டியிலிருந்து எடுத்தால் டாங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஹொக்கைடோ போகிறோம், அங்கே காடி வாடகைக்கு எடுக்கப்போகிறோம். இங்கிருந்து வாஷர் திரவம் கொண்டுபோகலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கொண்டுபோகாதீர்கள். குளிர்காலத் திரவம் ஆல்கஹால் கலந்தது, தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இங்கே விற்பதில் பெரும்பாலானது உறைநிலைக் காப்பு இல்லாத கோடை வகை, கொண்டுபோயும் பயனில்லை.

சாவி வாங்கும்போது, டாங்கியில் குளிர்காலத் திரவம் இருக்கிறதா, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கேளுங்கள். அங்கேயே வாஷரை முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்கள். வழியில் குறைந்தால் பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும், செறிவுத் திரவமாக இருந்தால் புட்டியின் பின்புறத்தில் கலக்கும் விகிதமும் அதற்கு நேரே டிகிரியும் அட்டவணையாக இருக்கும். மைனஸ் என்ற எண்ணைப் பார்த்தால் மொழி தெரியாமலேயே புரிந்துவிடும். இரவு நிறுத்தும்போது வைப்பரை அணைத்துவிட்டு, வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்துங்கள். வைப்பரைப் போட்டபடியே இன்ஜினை அணைத்தால், காலையில் சாவி திருப்பியதும் உறைந்து ஒட்டிய ரப்பரை மோட்டார் இழுக்கும். ரப்பர் கிழியும், இல்லையேல் வைப்பர் பியூஸ் போகும்.

கேள்வி: கேமரன் மலையில் இரவு தங்கினால் வாஷர் உறையுமா?

பதில்: உறையாது. அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி, 1978இல். சிம்பாங் பூலாய் வழியாக ஏறும்போது கண்ணாடி மங்குவது பனியால் அல்ல, ஈரக்காற்றால். உள்ளே மங்கினால் ஏர்கோனைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். வெளியே மங்கினால் ஏர்கோன் குளிரைக் குறைத்து, வைப்பரை ஒருமுறை போடுங்கள்.

கேள்வி: என் சாகா காரில் வாஷரை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எச்சில் மாதிரி வழிகிறது. தினமும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் போய்வருகிறேன். நோசிலில் ஊசி விட்டும் ஒரு வாரத்தில் திரும்ப அடைக்கிறது.
— லோரி பட்டறைத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: அடைப்பு நோசிலில் தெரிகிறது, அதன் காரணம் டாங்கியில் இருக்கிறது. வெறும் தண்ணீர் நம்மூர்ச் சூட்டில் மாதக்கணக்கில் நின்றால் டாங்கியின் சுவரில் வழவழப்பான பாசி படியும். மூடி சரியாக மூடாவிட்டால் செம்மண் தூசியும் சேரும். இரண்டும் கலந்த சேறு பம்பின் வாயிலுள்ள சல்லடையில் ஒட்டும். அதைத் தாண்டி வருவது நோசிலை அடைக்கும். ஊசியால் குத்தும்போது அந்தக் கட்டியை உள்ளே தள்ளிவிடுகிறீர்கள். அடுத்த அழுத்தலில் அது திரும்ப வந்து உட்காருகிறது.

டியூபை நோசிலிலிருந்து கழற்றி வாஷரை அழுத்துங்கள். தண்ணீர் வேகமாகப் பீய்ச்சினால் நோசில்தான் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்பிரே வரும் பக்கத்திலிருந்து, அதாவது எதிர்த்திசையில், காற்றடியுங்கள். டியூபிலேயே மெதுவாக வந்தால் பம்பைக் கழற்ற வேண்டும். டாங்கியை வற்றச் செய்து, மின் இணைப்பைப் பிடுங்கி, பம்பை மேல்நோக்கி ஆட்டி இழுத்தால் ரப்பர் வளையத்திலிருந்து வந்துவிடும். வளையத்தை எடுத்துச் சல்லடையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். டாங்கிக்குள் ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீரும் ஒரு கைப்பிடி அரிசியும் போட்டுக் குலுக்கினால் பாசி உரிந்துவரும். அதற்கு டாங்கியைக் கழற்றியாக வேண்டும். ஓர் அரிசி விடாமல் அலசுங்கள், ஒன்று மிஞ்சினாலும் அது பம்பில் போய் நிற்கும்.

பம்ப் நன்றாக ஓடி, போனட்டுக்கு அடியில் ஈரமும் இருந்தால் டியூப் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். தோட்டத்துப் பக்கம் நிற்கும் கார்களில் எலி கடித்த டியூப் சாதாரணம். கடித்த இடத்தை வெட்டிவிட்டு நேர் இணைப்பு ஒன்று போட்டால் போதும், முழு டியூபையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி ஊற்றுவது காய்ச்சி வடித்த தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ, அதோடு கடையில் விற்கும் வாஷர் திரவம், புட்டியில் சொன்ன அளவில். சோப்புத்தூள், ஷாம்பு இரண்டும் வேண்டாம். தூள் முழுதாகக் கரையாது, ஷாம்பு பிசின்போல் காயும். ஆலை லோரிகளுக்குப் பின்னால் ஓடுவதால் கண்ணாடியில் படியும் டீசல் புகையின் எண்ணெய்ப் படலம் வாஷர் தண்ணீரில் போகாது. அதைக் கண்ணாடிக்கான கிரீம் வைத்துக் கையால்தான் தேய்த்தெடுக்க வேண்டும்.

வெறும் தண்ணீரை நாங்கள் இவ்வளவு எதிர்ப்பதற்கு உடல்நலமும் ஒரு காரணம். லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகும். அது காற்றில் தெறித்த நுண்துளியோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வாஷரில் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் வைத்திருந்த ஓட்டுநர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. நம்மூர் டாங்கி ஆண்டு முழுவதும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: வாஷர் பியூஸ் அடிக்கடி போகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 20 போட்டுவிட்டால் என்ன?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். 10 போட்ட இடத்தில் 10தான். பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதுப் பியூஸ் போட்டு வாஷரை அழுத்துங்கள். பியூஸ் போகாமல் நின்றால் பம்ப் இறுகிவிட்டது, புதிது வாங்குங்கள். பிளக் கழற்றியும் பியூஸ் போனால் வயர் எங்கோ உரசி காரின் உலோக உடம்போடு ஒட்டுகிறது. முன் டயர் உறைக்குப் பின்னால், டயர் கல்லை வாரியடிக்கும் இடத்திலிருந்து தேடத் தொடங்கச் சொல்லி கார் பட்டறை போர்மேனிடம் விடுங்கள். அதே பியூஸில் வைப்பரும் ஓடும் கார்கள் உண்டு. அப்படியானால் சரிபார்க்கும்வரை மழையில் வண்டியை எடுக்காதீர்கள்.